கொடைக்கானல் விடுதி வேலை: சம்பளத்தை எழுத்தில் வாங்குங்கள், டிப்ஸைத் தனிக்கணக்கில் வையுங்கள்

கொடைக்கானலில் லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டே, ஓட்டல் என்று எதில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாலும், சம்பளமும் டிப்ஸும் எங்கே பிரிகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு சேருவது நல்லது. நான் ஏரியை ஒட்டிய ஒரு விடுதியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவன். விலகிய பிறகு, நிலுவையில் நின்ற சம்பளத்தையும் ஓவர்டைம் தொகையையும் கேட்டு நான் கொடுத்த மனு, ஒரு சீசனில் தொடங்கி அடுத்த சீசன் முடியும் தறுவாயில்தான் தீர்ந்தது. எந்தத் தாள் எந்த நாளில் தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லாததே அந்த அலைச்சலுக்குப் பெரிய காரணம். சப்ளையர், ரூம் பாய், சமையல் உதவியாளர், பாத்திரம் தேய்ப்பவர், வாட்ச்மேன், கேர்டேக்கர் ஆகிய எல்லோருக்கும் கீழே உள்ளவை பொருந்தும்.

1. சம்பளம் பேசும்போதே டிப்ஸைப் பேச்சிலிருந்து விலக்குங்கள்

ஆள் எடுக்கும்போது வழக்கமாகச் சொல்லப்படுவது, "சம்பளம் ஒன்பதாயிரம், சாப்பாடும் தங்கலும் இலவசம், சீசனில் டிப்ஸே பத்தாயிரத்துக்கு மேல் தேறும்" என்பது. கேட்பதற்குப் பத்தொன்பதாயிரம் போலத் தோன்றும் இந்தப் பேச்சில், முதலாளி தம் பையிலிருந்து தர ஒப்புக்கொள்வது ஒன்பதாயிரம் மட்டுமே. மீதியைத் தரவேண்டியவர் விருந்தினர். அவர் தரலாம், தராமலும் போகலாம். ஏப்ரல், மே மாதங்களிலும் ஆயுத பூஜை, கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைகளிலும் கைக்குப் பணம் வரும். ஜூலை மழையில் அறைகள் பூட்டிக் கிடக்கும்போது ஒரு வாரம் முழுவதும் பத்து ரூபாய்கூட வராது. சீசனிலும் கூட்டத்துக்கு உத்தரவாதம் கிடையாது. 2025 கோடையில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்குள் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வரம்பு வைக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டில் கண்ணுக்குத் தெரியாத நட்டம் இதைவிடப் பெரியது. ஓவர்டைம், வருங்கால வைப்பு நிதி, போனஸ், பணிக்கொடை, விபத்து இழப்பீடு ஆகிய எல்லாமே சம்பளத்தின் மேல் கணக்கிடப்படுகின்றன. டிப்ஸ் இந்தக் கணக்குகள் எதிலும் சேராது. ஆகவே, சம்பளத்தைக் குறைத்து டிப்ஸைக் காட்டுகிற ஒவ்வொரு பேச்சும் இவை எல்லாவற்றையும் சேர்த்தே குறைக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தில் டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்க இடமில்லை. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம், டிப்ஸ் பெறும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலரை நேரடிக் கூலியாகக் கொடுத்து, குறைந்தபட்சக் கூலியின் மீதியை டிப்ஸில் ஈடுகட்ட முதலாளிக்கு அனுமதி தருகிறது. வெளிநாட்டு விருந்தினர் வரும் விடுதிகளில் இதை அரைகுறையாகக் கேள்விப்பட்ட மேனேஜர்கள், "எல்லா ஊரிலும் இதுதான் முறை" என்பார்கள். இங்கே அது செல்லாது. விருந்தினர் கார்டில் சேர்த்துச் செலுத்தி, ஓட்டல் பிறகு ஊழியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்த டிப்ஸ்கூடச் சம்பளம் ஆகாது என்று ஐடிசி நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்திருக்கிறது. வரி தொடர்பான வழக்குத்தான் என்றாலும், டிப்ஸ் முதலாளி கொடுக்கும் பணம் அன்று என்பதற்கு அதைவிடத் தெளிவான சொல் தேவையில்லை.

2. உங்களுக்குரிய குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிடுங்கள்

தமிழ்நாட்டில் ஓட்டல், உணவக வேலைக்கென்று தனியாகக் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்படுகிறது. அதில் அடிப்படை ஊதியம் ஒரு பகுதி, அகவிலைப்படி இன்னொரு பகுதி. சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து, ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் அகவிலைப்படி மாற்றப்படுகிறது. சீசன் தொடங்கும் அதே மாதத்தில் கூலியும் உயர்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மார்ச்சில் பேசிய தொகையே மே முழுவதும் தொடர்ந்தால் அங்கேயே ஒரு நிலுவை தொடங்கிவிடுகிறது. தொழிலாளர் துறையின் இணையதளத்தில் அந்த ஆண்டுக்கான பட்டியலைப் பதிவிறக்கி, உங்கள் வேலையின் பெயருக்கு நேரே உள்ள தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுதி நகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா, வில்பட்டி போன்ற ஊராட்சிக்குள் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள்; மண்டலவாரியாகத் தொகை மாறும் இடத்தில் இது தேவைப்படும்.

கணக்குப் போடும் முறையை ஓர் எடுத்துக்காட்டுத் தொகையில் பார்க்கலாம். மாதக் கூலி 13,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 26ஆல் வகுத்து நாள் கூலி 500 ரூபாய். அதை 8ஆல் வகுத்து மணிக் கூலி 62 ரூபாய் 50 காசு. ஓவர்டைம் இரட்டை விகிதம் என்பதால் மணிக்கு 125 ரூபாய். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது வேலை நேரத்தின் எல்லை. சாப்பாட்டு இடைவேளை போக நாளுக்கு 12 மணி நேரம் வீதம் ஆறு நாள் வேலை செய்தால் 72 மணி நேரம் ஆகிறது. கூடுதலான 24 மணி நேரத்துக்கு 3,000 ரூபாய். ஆறு நாள் கூலியும் அதே 3,000தான். அதாவது, 12 மணி நேரம் வேலை வாங்கும் விடுதி ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் கூலி தரவேண்டும். காலை ஆறு மணிக்கு வெந்நீர் பக்கெட் தூக்கத் தொடங்கி, இரவு கேம்ப் ஃபயர் அணைத்து விறகுச் சாம்பலை அள்ளிய பிறகு படுக்கப் போகிறவர், இந்தக் கணக்கை ஒருமுறையாவது தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

"சாப்பாடு போடுகிறோம், படுக்க இடம் தருகிறோம், அதையும் சேர்த்தால் சரியாகிவிடும்" என்பது அடுத்த பேச்சு. பணமாக அன்றிப் பொருளாகத் தருவதில், ஊதியமாகக் கணக்கில் கொள்ளத்தக்க மதிப்பு மொத்த ஊதியத்தில் 15 சதவீதத்தைத் தாண்டாது. ஸ்டோர் ரூமில் மெத்தைகளுக்கு நடுவே படுக்க இடம் கொடுத்துவிட்டு, அதற்கு மாதம் நாலாயிரம் வாடகை என்று எழுத முடியாது.

3. சேரும் வாரத்தில் வாங்க வேண்டியவையும் கொடுக்கக் கூடாதவையும்

பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்து மத்திய அரசு கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பணி நியமனக் கடிதம் கட்டாயம். அதில் வேலையின் பெயர், மாதச் சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை, சேர்ந்த தேதி ஆகியவை இருக்கவேண்டும். சிறிய ஹோம்ஸ்டேக்களில் கடிதம் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அங்கே, பேசி முடித்த விவரங்களை வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு செய்தியாக அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். அந்த ஒற்றைச் சொல் பின்னாளில் கடிதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஆதார் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் அசலை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். தேதியும் தொகையும் எழுதாத வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். சேரும் நாளிலேயே இரண்டு மூன்று வெற்று வவுச்சர்களில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. விலகும்போது அவையே "முழுக் கணக்கும் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதாக மாறும்.

உங்கள் முதலாளி யார் என்பதைக் கண்டுபிடிப்பது நினைப்பதைவிடக் கடினம். கொடைக்கானலில் கட்டடம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும், லீசுக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர், சம்பளத்தைக் கையில் கொடுப்பவர் மூன்றாவது ஆள். ரிசப்ஷன் சுவரிலும் சமையலறை வாசலிலும் மாட்டியிருக்கும் ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழையும், 14 இலக்க எண் கொண்ட உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் உள்ள பெயரே மனுவில் எதிர்மனுதாரர் பெயராக வரும். விருந்தினருக்குக் கொடுக்கும் பில்லின் தலைப்பும் இதற்கு உதவும். என் மனு ஒருமுறை திரும்பி வந்தது இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான்.

4. டிப்ஸ் பெட்டியும் கியூஆர் அட்டையும்

கையில் நேரடியாகத் தரப்படும் டிப்ஸ் உங்களுடையது. அதைப் பொதுப் பெட்டியில் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இருந்தால், எண்ணும்போது இரண்டு பேர் இருக்கவேண்டும்; அவர்களில் ஒருவராவது மேனேஜராக இல்லாமல் இருப்பது நல்லது. தேதி, மொத்தத் தொகை, எத்தனை பங்கு, இரு கையெழுத்து ஆகிய நான்கும் ஒரு நோட்டில் ஏறினால் போதும். யாருக்கு எத்தனை பங்கு என்பதைச் சீசனுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். டிசம்பர் இரவில் உறையும் தண்ணீரில் பாத்திரம் தேய்ப்பவரையும், மழைநாளில் படுக்கை விரிப்புகளை உலர்த்த இடம் தேடி அலைபவரையும் விருந்தினர் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கும் சம பங்கு வேண்டும் என்பது என் கருத்து. சப்ளையர்கள் இதை எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது விருந்தினர்களில் பலர் சில்லறை வைத்துக்கொள்வதில்லை. பில் 2,400 ரூபாய் என்றால் 2,500 ரூபாயாக யுபிஐயில் செலுத்திவிட்டு, "மீதி பையனுக்கு" என்று சொல்லிப் போய்விடுவார்கள். கவுண்டரில் உள்ள கியூஆர் அட்டை முதலாளியின் கணக்குக்குப் போவதால், அந்த நூறு ரூபாய் அங்கேயே தங்கிவிடும். இப்படி வந்த தொகையை அன்றன்றைக்கு டிப்ஸ் நோட்டில் தனி வரியாக எழுதி, மேனேஜரிடம் சுருக்கொப்பம் வாங்குங்கள்.

வாரம் ஒருமுறை அதை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால், அனுப்பும்போது குறிப்பில் "டிப்ஸ்" என்று போடச் சொல்லுங்கள். விடுதியின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வந்த எல்லாத் தொகையையும் கூட்டி, "பாருங்கள், மாதம் இவ்வளவு சம்பளம் கொடுத்திருக்கிறோம்" என்று விசாரணையில் காட்டுவது மிக எளிது. விருந்தினர் உங்களுக்குக் கொடுத்த பணமே உங்கள் சம்பளக் கோரிக்கையைக் குறைக்கும் சாட்சியாகிவிடும். குறிப்பு இல்லாமல் வந்துவிட்டால், "இன்று வந்த 700 ரூபாய் போன வார டிப்ஸ், நன்றி சார்" என்று உடனே ஒரு செய்தி அனுப்பி வையுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் வேறு விஷயம். ஓட்டல்கள் அதைப் பில்லில் தாமாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. விருந்தினர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தால் விடுதி பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே, "சர்வீஸ் சார்ஜில் உனக்குப் பங்கு உண்டு" என்ற வாக்குறுதியைச் சம்பளத்தின் பகுதியாக ஏற்காதீர்கள்.

5. பிடித்தம்

உடைந்த கண்ணாடிக் குவளை, காணாமல் போன டிவி ரிமோட், கறை படிந்த மெத்தை விரிப்பு என்று மாதக் கடைசியில் பிடித்தப் பட்டியல் நீளும். ஒரு பொருளின் இழப்புக்குப் பிடித்தம் செய்ய, அது உங்கள் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இழப்பு உங்கள் கவனக்குறைவால் நேர்ந்திருக்க வேண்டும். விளக்கம் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தரப்பட்டிருக்க வேண்டும். அபராதம் அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அட்வான்ஸ் வாங்கியிருந்தால், வாங்கிய தேதியையும் கழிந்த தவணைகளையும் தனியாக எழுதுங்கள். வாய்க்கணக்கில் அட்வான்ஸ் குறைவதே இல்லை.

இருபது பேரும் அதற்கு மேலும் உள்ள விடுதியில் வருங்கால வைப்பு நிதி என்று 12 சதவீதம் பிடித்தால், அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது நடக்கிறது. யுஏஎன் எனப்படும் உங்கள் வைப்பு நிதி எண்ணைக் கேட்டும் சொல்லவில்லை என்றால், கட்டவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

6. தினமும் எழுதும் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவேளை, சுத்தம் செய்த அறை எண்கள் ஆகியவற்றை அன்றன்றைக்கே பேனாவால் எழுதுங்கள். அறை எண்கள் எதற்கு என்று கேட்கலாம். விடுதியின் செக் அவுட் பதிவேட்டோடு அவை பொருந்திப் போகும்போது உங்கள் நோட்டின் மேல் அதிகாரிக்கு நம்பிக்கை வருகிறது. சம்பளத்தைக் கொடுத்ததாக நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்றாலும், எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்ற பேச்சு வரும்போது பதிவேட்டில் எல்லா நாளும் எட்டு மணி நேரம் என்றே இருக்கும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களைச் சிவப்பு மையில் குறியுங்கள். இவை நான்கும், இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளமோ, அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறையோ தரவேண்டும். கொடைக்கானலில் மே 1 அன்று விடுமுறை தரும் விடுதியை நான் பார்த்ததில்லை, ஆகவே இது பெரும்பாலும் பணமாகவே கேட்க வேண்டிய உரிமை.

சம்பளப் பதிவேட்டில் 13,000 என்று எழுதி, கையில் 9,000 கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால், கையெழுத்தின் கீழே உண்மையில் பெற்ற தொகையையும் தேதியையும் எழுதுங்கள். அனுமதிக்கவில்லை என்றால், அன்று இரவே நோட்டில் நடந்ததை எழுதி, உடனிருந்தவர் பெயரையும் குறியுங்கள். வங்கியில் முழுச் சம்பளத்தையும் போட்டுவிட்டு ஒரு பகுதியைப் பணமாகத் திருப்பிக் கேட்கும் இடங்களும் உண்டு. திருப்பிக் கொடுக்கவே நேர்ந்தால் யுபிஐயில் கொடுங்கள், தடம் இருக்கும்.

7. விலகும்போது

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வரவேண்டும். வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும், கணக்கை இரண்டு வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். "சீசன் முடிந்து ஆடிட்டர் வந்ததும் பார்க்கலாம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. போனஸ் வழங்கக் கடமைப்பட்ட, இருபது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனமாக இருந்தால், அந்தக் கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே உங்களுக்கும் விகிதப்படி பங்கு உண்டு. தீபாவளிக்கு முன்பே விலகினீர்கள் என்பது காரணமாகாது.

பணம் வரவில்லை என்றால் முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, மாதவாரியாக வரவேண்டிய தொகை, வந்த தொகை, மீதி, 15 நாள் கெடு. கோபத்தை அதில் எழுதாதீர்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், அஞ்சலகத்தில் பதிவு வசதியோடு அனுப்பச் சொல்லி ரசீதையும் விநியோக விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். நூறு ரூபாய்க்குள் முடியும் செலவு இது. கடிதத்தை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் உறையைப் பிரிக்காமல் வையுங்கள். மூடிய உறைதான் சாட்சி.

8. திண்டுக்கல்லில் மனு

கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில் இருப்பதால், மனு போகவேண்டியது திண்டுக்கல் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு. மனு கொடுக்கக் கட்டணம் இல்லை. மூன்று பிரதிகள் எடுத்துப்போய், உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள். இணைப்புகள்: ஆதார் நகல், நியமனக் கடிதம் அல்லது வாட்ஸ்அப் செய்தியின் அச்சு, வங்கிக் கணக்கு விவரம், நோட்டின் நகல், கோரிக்கைக் கடிதமும் அஞ்சல் ரசீதும், ஜிஎஸ்டி அல்லது உணவு உரிமத்தின் படம், நிலுவைக் கணக்குப் பட்டியல். கட்டட உரிமையாளர், லீசுதாரர் இருவரையும் எதிர்மனுதாரர்களாகக் காட்டுங்கள். உங்கள் கோரிக்கையைத் தீர்மானிக்கும் அதிகாரி திண்டுக்கல்லில் அமர்கிறாரா, வேறு ஊரிலா என்பதையும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் மனு கொடுத்த காலத்தில் குறைந்தபட்சக் கூலிக் கோரிக்கைக்கு ஆறு மாதக் கெடு இருந்தது. அந்த நான்கு தொகுப்புகளில் ஒன்றான புதிய ஊதியச் சட்டத்தொகுப்பில் அது மூன்று ஆண்டு. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும், உடன் வேலை செய்தவர்கள் சீசன் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள். பல ஊழியர்களுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் கொடுக்கலாம் என்பதால், அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து உங்களோடு வேலை செய்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழி தெரியாததால் அவர்களுக்கு உங்களைவிடக் குறைவாகவே கொடுக்கப்பட்டிருக்கும்.

வக்கீல் கட்டாயமில்லை. தேவைப்பட்டால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அந்த உதவி உண்டு. மனு நகராமல் கிடந்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் முத்திரையிட்ட பிரதியைக் காட்டி மறு மனு கொடுங்கள்.

9. விசாரணை நாளும் அதற்குப் பிறகும்

மொத்தச் செலவில் பெரும்பகுதி பஸ்ஸுக்கும் இழக்கும் நாள் கூலிக்கும்தான் போகும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மே மாதத்தில் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகிலும் பெருமாள்மலையிலும் வண்டிகள் நின்றுவிட்டால் எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாது, மழைக்காலத்தில் மரம் விழுந்தால் பாதை அடைபடும். காலை விசாரணை என்றால் முந்தைய நாளே இறங்கிவிடுங்கள். நீங்கள் வராத நாளில் மனு தள்ளுபடியாகலாம். எதிர்த்தரப்பு வராத நாளில் பெரும்பாலும் வாய்தாதான் கிடைக்கும்.

மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கூடுதல் காலத்துக்குத் தயாராகப் போங்கள். நடுவில் சமரசத் தொகை பேசப்படும். கேட்ட தொகையில் பாதியைக் காட்டி, "இன்றே கையில்" என்பார்கள். அதிகாரி, நிலுவையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க முடியும் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள். சமரசம் செய்வதானால் அதிகாரி முன்னிலையில் எழுதி, தொகை வங்கிக்கு வந்த பிறகு மனுவைத் திரும்பப் பெறுங்கள். பின்தேதியிட்ட காசோலையை நம்பித் திரும்பப் பெற்றவர்களை எனக்குத் தெரியும்.

உத்தரவு உங்கள் பக்கம் வந்தும் பணம் வரவில்லை என்றால், அந்த அதிகாரி மாவட்ட ஆட்சியருக்கு வசூல் சான்றிதழ் அனுப்பலாம். தொகை நில வருவாய் நிலுவையைப் போல வசூலிக்கப்படும். அது தானாக நடக்கும் என்று இருக்காமல், உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கியதுமே சான்றிதழ் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். லீசு பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவதால், லீசுதாரர் மாறுவதற்குள் அந்த விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும்.